பென்சிலுக்கு முன்னால் பல்லாங்குழி

(நமது சங்கத்தின் கிளை ஒன்றில் நடந்த தாத்தா - பாட்டிகள் சந்திப்பில், குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாகப் பணிபுரியும் அங்கத்தினர் ஒருவர் ஆற்றிய உரை. மற்ற ஊர்களில் உள்ள அங்கத்தினர்களுக்கும் பயன்படும் என்பதால் இங்கே வெளியிடுகிறோம்.)



இங்கே வந்திருப்பவர்களில் பெரும்பாலோர் பேரன், பேத்திகளைப் பகலில் பார்த்துக்கொள்கிறவர்கள். பிள்ளையும் மாட்டுப்பெண்ணும், அல்லது பெண்ணும் மாப்பிள்ளையும், காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் விளக்கு வைத்த பிறகுதான் திரும்புகிறார்கள். நடுவில் குழந்தை உங்கள் பொறுப்பு. ஆகவே இளம் பெற்றோர்களுக்குச் சொல்வதைவிட உங்களுக்குச் சொல்வதில்தான் பயன் அதிகம் என்று நினைத்து வந்திருக்கிறேன்.

என்னிடம் குழந்தையை அழைத்து வருகிறவர்கள் பல பேர் முதலில் எடுத்து நீட்டுவது பள்ளிக்கூட டைரியைத்தான். "எழுத மறுக்கிறான்", "கோட்டுக்குள் எழுதுவதில்லை", "வேகம் போதாது" என்று அதில் குறிப்பு இருக்கும். குழந்தைக்கு வயது என்ன என்று கேட்டால், மூன்றரை! சாயங்காலம் பால் குடித்த கையோடு பென்சிலும் நாலு கோடு நோட்டுமாக உட்கார வைக்கிறார்கள். ஐந்து நிமிஷத்தில் "கை வலிக்கிறது" என்று அழுகை. பாட்டிக்குக் கோபம். ராத்திரி அம்மா வந்து, "இன்னுமா முடிக்கலே?" என்கிறாள். மறுநாளும் இதே கதை. படிப்பு என்றாலே குழந்தைக்கு ஒரு வெறுப்பு விழுகிறதே, அது இந்த இடத்தில்தான் விழுகிறது.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. மூன்று, நான்கு வயதில் குழந்தைக்கு வேண்டியது பென்சில் பயிற்சி அல்ல, விரல் பயிற்சி. அது விளையாட்டில்தான் வரும். அந்த விளையாட்டுக்கு வேண்டிய சாமான் எல்லாம் நம் வீட்டிலேயே இருக்கிறது.

கை எப்படி வளர்கிறது?

ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றில் 8 மணிக்கட்டில் இருக்கின்றன. பிறந்த குழந்தையின் மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் அந்த எட்டில் ஒன்றுகூடத் தெரியாது. எல்லாம் குருத்தெலும்பாக இருக்கும். ஒவ்வொன்றாக இறுகி, கடைசி எலும்பு எக்ஸ்ரேயில் தெரிவதற்கு ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வயது ஆகிறது. அதுவரை எழுதவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நாம் பென்சிலைத் திணிப்பது இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிற ஒரு கையில் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

வளர்ச்சிக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தோள், பிறகு முழங்கை, பிறகு மணிக்கட்டு, கடைசியில் விரல். தோள் உறுதிப்படாத குழந்தை மேஜை மேல் சாய்ந்துகொண்டுதான் எழுதும். ஆகவே தவழ்வது, ஏறுவது, தொங்குவது, பந்து எறிவது எல்லாமே எழுத்துக்கு அஸ்திவாரம். கைக்குழந்தையை வாக்கரில் போடாதீர்கள். அது விழுந்து அடிபடவும் காரணமாகிறது. தரையில் பாயை விரித்துத் தவழ விடுங்கள்.

பிறந்த குழந்தை நம் விரலை இறுகப் பிடித்துக்கொள்கிறதே, அது தானாக நடப்பது. ஐந்தாறு மாதத்தில் அது மறைந்து, வேண்டும் என்று நினைத்துப் பிடிக்கிற பிடி வருகிறது. ஆறேழு மாதத்தில் ஒரு பொருளை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றும். ஒன்பது, பத்து மாதத்தில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து தரையில் கிடக்கிற ஒரு பொரியை எடுக்கும். "கண்டதை எல்லாம் பொறுக்கி வாயில் போடறது" என்று நாம் அலுத்துக்கொள்கிற அந்த நாள், உண்மையில் ஒரு பெரிய நாள். பின்னால் பென்சில் பிடிக்கப் போகிற பிடி அன்றைக்குத்தான் பிறக்கிறது.

படம் வரைவதிலும் அப்படியே. பார்த்து வரையச் சொன்னால், சுமார் மூன்று வயதில் வட்டம் வரும். நான்கு வயதில் கூட்டல் குறி வரும். சதுரம் நாலரை, ஐந்தில். முக்கோணம் ஐந்து வயதை ஒட்டியோ அதற்கும் மேலோ. குழந்தைக்குக் குழந்தை கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இதை வைத்துக்கொண்டு இங்கிலீஷ் 'ஏ' எழுத்தைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சாய்ந்த கோடு. சாய்வுக் கோடுதான் கடைசியில் கைக்கு வசப்படுவது. முக்கோணம் வராத கைக்கு 'ஏ' எப்படி வரும்? ஆனால் முதல் பாடமே அதுதான்! தமிழில் 'அ' எழுத்தும் லேசுப்பட்டது அல்ல. சுழி, வளைவு, நேர்கோடு மூன்றும் அதில் உண்டு. 'ட', 'ப' போன்ற நேர்கோட்டு எழுத்துகளில் ஆரம்பித்தால் குழந்தைக்கு எளிது. ஆக, மூன்றரை வயதுக் குழந்தை 'ஏ' எழுதவில்லை என்றால் அது மக்கும் அல்ல, சோம்பேறியும் அல்ல. அதன் கைக்கு இன்னும் வேளை வரவில்லை.

அரிசியில் எழுதிய விரல்

விஜயதசமி அன்று நாம் அட்சராப்பியாசம் செய்கிறோம். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, குழந்தையை மடியில் உட்கார வைத்து, அதன் ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். கவனியுங்கள். அன்றைக்கு அந்தக் கையில் பென்சில் இல்லை. அரிசியின் சொரசொரப்பு விரல் நுனியில் உறைக்கிறது, கை போகிற பாதை மனதில் பதிகிறது, தப்பாகப் போனால் தடவிவிட்டு மறுபடி எழுதலாம்.

1907-ல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லம் தொடங்கிய மரியா மாண்டிசோரி அம்மையார், உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவித் தடவிப் படிக்க வைத்தார். அவரே 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து, யுத்த காலம் முழுவதும் நம் நாட்டில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். குஜராத்தில் பாவ்நகரில் கிஜுபாய் பதேகா 1920-லேயே பால மந்திர் நடத்தி, அடியும் பயமும் இல்லாமல் விளையாட்டாகவே கற்பித்துக் காட்டினார்.

நம் முன்னோர்களுக்கு நரம்பியல் தெரிந்திருந்தது என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆனால் விரல் முதலில், கருவி பிறகு என்கிற வரிசை அந்த அரிசித் தட்டில் இருக்கிறது. நம்மில் பல பேர் விஜயதசமி அன்று அரிசியில் எழுத வைத்துவிட்டு, மறுநாளே பென்சிலைக் கையில் கொடுத்துவிடுகிறோம். அந்த அரிசித் தட்டை இன்னும் ஒரு வருஷம் வைத்திருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். அரிசிக்குப் பதில் ரவையோ மணலோ இருந்தாலும் சரி.

பல்லாங்குழியின் மகிமை

பரணில் கிடக்கிற பல்லாங்குழியை இறக்குங்கள். ஏழு ஏழாகப் பதினாலு குழி. ஒரு குழியில் உள்ள சோழிகளை ஒரே வாரலாக அள்ளி உள்ளங்கையில் வைத்துக்கொள்கிறோம். பிறகு ஒவ்வொரு குழியிலும் ஒன்று ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகிறோம். இதில் கை என்ன செய்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கி மீதிச் சோழிகளைக் கீழே விழாமல் காக்கின்றன. கட்டை விரல் உள்ளங்கையிலிருந்து ஒரே ஒரு சோழியை விரல் நுனிக்குத் தள்ளிக்கொண்டு வருகிறது. ஒரு பாதிக் கை பிடித்துக்கொள்ள, மறு பாதிக் கை வேலை செய்கிறது.

பென்சில் பிடிப்பதும் இதேதான். இரண்டு விரல் மடங்கித் தாங்க, மூன்று விரல் எழுதுகிறது. பணம் எண்ணுவது, சட்டைப் பொத்தான் போடுவது எல்லாவற்றுக்கும் இந்தத் திறமை வேண்டும். என் வேலையில் இதைச் சொல்லிக்கொடுக்க நாணயங்களையும் உண்டியலையும் வைத்துப் பயிற்சி கொடுக்கிறோம். நீங்கள் சோழியை வைத்து விளையாடினால் போதும். கூட ஒரு லாபம், எண்ணிக்கையும் வந்துவிடும். நான்கு வயதுக் குழந்தைக்கு ஆட்டத்தின் விதி எல்லாம் வேண்டாம். அள்ளி, ஒன்று ஒன்றாகப் போட்டால் சரி. ஐந்து, ஆறு வயதில் முழு ஆட்டமும், பிறகு ஐந்து கல் ஆட்டமும் சொல்லிக்கொடுங்கள்.

நம் பண்டிகைகளே பாடத்திட்டம்

கோகுலாஷ்டமிக்குச் சீடை உருட்டுகிறோம். இரண்டு உள்ளங்கையும் சேர்ந்து, அழுத்தம் அதிகமும் இல்லாமல் குறைவும் இல்லாமல் உருட்டுவது அருமையான பயிற்சி. மடி, நைவேத்யம் என்று பார்க்கிறவர்கள் ஒரு உருண்டை மாவைத் தனியாக எடுத்துக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். கிருஷ்ணர் பாதம் வைக்கும்போது கையை முஷ்டியாக மடக்கி மாக்கரைசலில் தோய்த்துப் பதித்து, விரல் நுனியால் ஐந்து பொட்டு வைக்க வேண்டும். இதையும் குழந்தையே செய்யட்டும். பாதம் கோணலாக இருந்தால் கண்ணன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண். நகரத்துக் கடையில் கிடைக்கும் வண்ண மாவைவிடக் களிமண் கெட்டி, பிசைய வலு வேண்டும். தும்பிக்கையைத் திரித்து ஒட்டுவதற்கு விரல் நுனி வேலை செய்ய வேண்டும். நவராத்திரிக்குக் கொலுப் படிக்குப் பக்கத்தில் பார்க் வைக்கும் பொறுப்பைக் குழந்தையிடம் விடுங்கள். மணலைப் பரப்பி, கடுகும் வெந்தயமும் சிட்டிகை சிட்டிகையாகத் தூவி, முளை வரும் வரை தண்ணீர் தெளிக்கட்டும். கார்த்திகைக்குப் பஞ்சைப் பிய்த்துத் திரி திரிப்பது, ராம நவமிப் பானகத்துக்கு எலுமிச்சம்பழம் பிழிவது, மார்கழியில் கோலப்பொடியைக் கிள்ளிப் புள்ளி வைப்பது என்று வருஷம் முழுவதும் விரல்களுக்கு வேலை இருக்கிறது. மாடிக் குடியிருப்பில் வாசல் இல்லை என்கிறவர்களுக்கு, பால்கனியில் ஒரு பலகையும் சாக்பீஸும் போதும்.

பண்டிகை இல்லாத நாட்களில் சமையல் உள் இருக்கிறது. பச்சைப் பட்டாணி உரிக்கலாம். கறிவேப்பிலையை உருவலாம். கொத்தமல்லி ஆயலாம். சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை பிசையலாம். உலர்ந்த துணிகளிலிருந்து கிளிப்பை எடுக்கலாம். ஒவ்வொரு கிளிப்பும் கட்டை விரலுக்கு ஒரு தண்டால்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பூத் தொடுப்பது, கோலம் போடுவது, திரி திரிப்பது எல்லாம் பெண் குழந்தைக்குத்தான் என்று பேரனைக் கிரிக்கெட் மட்டையோடு வெளியே அனுப்பிவிடாதீர்கள். எழுத்துச் சிரமத்துக்காக என்னிடம் வருகிறவர்களில் பையன்கள்தான் அதிகம். ஐந்து, ஆறு வயதில் வாழை நாரால் நாலு பூ தொடுக்கத் தெரிந்த பையனுக்கு ஷூ லேஸ் கட்டுவது பெரிய காரியம் இல்லை.

ஊட்டும் கையும் போனும்

இனி கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்ல வேண்டும். மன்னிக்க வேண்டும்.

நான்கு வயதுக் குழந்தைக்கு நாம் இன்னும் ஊட்டுகிறோம். எதிரே போனில் பாட்டு ஓடுகிறது. குழந்தை வாயைத் திறக்கிறது, மூடுகிறது. கிண்ணம் காலியாகிறது, நமக்குத் திருப்தி. ஆனால் அந்த அரை மணியில் குழந்தையின் கை என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. திரையில் ஒரு விரலால் தள்ளினால் எல்லாம் நடக்கிறது. அதில் பிடி இல்லை, அழுத்தம் இல்லை, சூடு குளிர்ச்சி இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது இது: ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழே உள்ளவர்களுக்கும் திரையே வேண்டாம், இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2021-ல் ஏறக்குறைய இதையே சொல்லி, இரண்டு வயதுவரை தவிர்க்கச் சொன்னது.

பருப்பு சாதத்தைப் பிசைந்து, ஐந்து விரலையும் குவித்து, சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது எவ்வளவு நுணுக்கமான வேலை! தினம் மூன்று வேளை, காசு செலவில்லாத பயிற்சி. சிந்தும், தரையைத் துடைக்க வேண்டியிருக்கும். குழந்தை இரண்டு கவளம் குறைவாகவும் சாப்பிடும். எனக்குத் தெரியும், உங்களுக்கு இடுப்பு வலி, முட்டி வலி. ஆகவே முதலில் ஒரு வேளை மட்டும் குழந்தையே சாப்பிடட்டும். கீழே பழைய செய்தித்தாளை விரித்துவிடுங்கள்.

எச்சரிக்கை சில

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தையிடம் சோழி, புளியங்கொட்டை, மணி, பொத்தான் எதையும் தனியே விடக்கூடாது. தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பெரிய குழந்தை விளையாடினாலும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கி வையுங்கள்.

களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குந்துமணி கடுமையான விஷம். தோல் உடையாமல் முழுங்கினால் ஆபத்து குறைவு. மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. குழந்தை செய்யும் பிள்ளையாருக்கு மிளகு வையுங்கள். பூஜை முடிந்ததும் பெரிய பிள்ளையாரின் கண் இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பொம்மைகளிலும் ரிமோட்டுகளிலும் இருக்கும் வட்ட பேட்டரியை விழுங்கினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக்கூடாது.

எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்? ஒரு வயது ஆவதற்குள் ஒரே கையை மட்டும் உபயோகித்து, மற்றக் கையைச் சும்மா வைத்திருந்தால். ஒரு வயது தாண்டியும் இரு விரலால் பொருளை எடுக்காவிட்டால். நான்கு வயதிலும் கிரேயானைப் பிடித்து ஒரு கோடு இழுக்க முடியாவிட்டால். முன்பு செய்துகொண்டிருந்ததை இப்போது செய்ய முடியாமல் போனால். இந்த நேரத்தில், "அவன் அப்பாவும் எல்லாம் லேட்டாத்தான் பண்ணினான்" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். சீக்கிரம் வந்தால் சீக்கிரம் சரிசெய்ய வழி உண்டு. வருஷங்களைக் கடத்தி வந்தால் குழந்தையும் சேர்ந்து கஷ்டப்படுகிறது.

உரைக்குப் பிறகு கேட்ட கேள்விகளில் சில:

கேள்வி: பள்ளிக்கூடத்திலேயே எழுதச் சொல்கிறார்களே, நாங்கள் என்ன செய்வது?

பதில்: நயமாகப் பேசிப் பாருங்கள். 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை மூன்றிலிருந்து எட்டு வயதுவரை ஒரே கட்டமாக வைத்து, விளையாட்டு வழியாகக் கற்பிக்கச் சொல்கிறது. 2022-ல் அதற்கான பாடத்திட்ட வரைவு வந்தது. 2023-ல் 'ஜாதுயி பிடாரா' என்று பொம்மை, புதிர், கதைப் புத்தகம் அடங்கிய ஒரு பெட்டியையே மத்திய அரசு வெளியிட்டது. ஆறு வயது நிறைந்த பிறகு முதல் வகுப்பில் சேர்க்கும்படி அதே வருஷம் மாநிலங்களுக்கு எழுதியது. ஆகவே நீங்கள் கேட்பது சலுகை அல்ல. இதற்கிடையே வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிஷத்தோடு நிறுத்திவிட்டு, பாக்கி நேரம் விளையாடுங்கள். பென்சிலுக்குப் பதில் உடைந்த கிரேயான் துண்டைக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் முஷ்டியால் பிடிக்க முடியாது, விரல் நுனியால்தான் பிடிக்க வேண்டிவரும்.

கேள்வி: என் பேத்திக்கு இடது கைப் பழக்கம். எத்தனை சொன்னாலும் பென்சில் இடது கைக்கே போகிறது.

பதில்: போகட்டும் மாமி. எந்தக் கை என்பது சாதாரணமாக இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள் தெரிய ஆரம்பித்து, ஐந்து, ஆறில் உறுதிப்படும். அது மூளையின் அமைப்பு, கெட்ட பழக்கம் அல்ல. பிரசாதம் வாங்கவும், பெரியவர்களுக்கு ஒன்றைக் கொடுக்கவும் வலது கை என்று மரியாதையாகச் சொல்லிக்கொடுங்கள், குழந்தை புரிந்துகொள்ளும். எழுதுகிற கையை மட்டும் மாற்ற முயல வேண்டாம். இடது கைக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: கடையில் ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்கும் பொம்மைகள் தேவையா?

பதில்: தேவையில்லை. வாங்கியே தீர வேண்டும் என்றால் சன்னபட்டணா மரப் பொம்மை, சொப்பு சாமான், கோர்க்கும் மணி போதும். ஆனால் எந்தப் பொம்மைக்கும் எதிரே உட்கார்ந்து விளையாட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான். பல்லாங்குழியில் பேரனிடம் தோற்கத் தயாராக இருங்கள்.